முட்டுக்கட்டையில் டயர் தடம்

அத்தியாயம் 4

திருடன் பந்தய வண்டியின் முன்னச்சை அப்படியே கழற்றிக்கொண்டு போயிருந்தான். முன்சக்கரம் இரண்டு, ஸ்டியரிங் பெட்டி, அதிலிருந்து மேலே வரும் இரும்புத்தண்டு எல்லாம் காணோம். ஸ்டியரிங் வட்டை மட்டும் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான், பஸ்ஸில் இடம்பிடிக்கத் துண்டு போட்ட மாதிரி.

"இதை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்?" என்று கேட்டார் சண்முகசுந்தரி.

"கையில இடம் இருந்திருக்காது எக்கா," என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தப் பார்வையையும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

சண்முகசுந்தரி முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தவர். லாரியைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் முட்டிவிட்டு, மரம்தான் குறுக்கே வந்தது என்று சத்தியம் பண்ணுகிறவர்களோடு காலம் தள்ளியவர். இப்போது பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். நான் எபி. நிலையத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்குகிறவர் மூன்றும் நானே. மூன்றாவது வேலையில்தான் இதுவரை பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் நின்றது கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு தகர ஷெட். நெல்லைப் பழம்பொறிச் சங்கத்தின் சொத்து. பழைய விமானம், பழைய பந்தய வண்டி எங்கே துண்டு துண்டாகக் கிடந்தாலும் தேடிப் பிடித்து ஒட்டுவது சங்கத்தின் வேலை. சம்பளம் கிடையாது, அவரவர் வீட்டில் ஏச்சு கிடைக்கும். சுவரில் சண்டைக் காலத்து விமானம் ஒன்றின் புரொப்பெல்லர் தொங்கியது. பல வருடம் அது ஒரு கல்யாண மண்டபத்தில் வாழைமரம் கட்டும் கம்பமாக நின்றதாம். மூலையில் அதே விமானத்தின் வால். அது ஒரு டீக்கடைக்குக் கூரையாக இருந்தது. மழை பெய்தால் டீக்கடைக்காரர் இன்றைக்கும் சங்கத்துக்குப் போன் பண்ணி ஏசுகிறார்.

நடுவில், முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நிறுத்தியபடி, அச்சில்லாமல் நின்றது பரணி. மில்லில் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் அந்தக் காலத்தில் மில் பட்டறையிலேயே தன் கைப்படச் செய்த பந்தய வண்டி. உலகத்தில் இது ஒன்றுதான். அவர் கப்பலேறிப் போனபிறகு வண்டி பிரிந்து மாவட்டம் முழுக்கச் சிதறிவிட்டது. என்ஜின் கல்லிடைக்குறிச்சியில் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. மூக்குத் தகடு ஒரு கோழிக்கூண்டுக்குக் கதவு. எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தவர் சங்கத் தலைவர் சிவசங்கரன், பொதுப்பணித் துறையில் அணைகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர்.

"ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல இருந்து ஆளுக வாராக," என்றார் சிவசங்கரன். "பரணி முதல் தடவையா ஓடப்போறதைப் பாக்க. இன்னைக்குச் செவ்வாய். வண்டிக்கு முன்னங்கால் இல்ல."

"பூட்டு உடையலையே," என்றார் சண்முகசுந்தரி.

"உடையல. சாவி என்கிட்ட ஒண்ணு, மெக்கானிக் இன்பமணிகிட்ட ஒண்ணு. நான் எடுக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "கோயம்புத்தூர்ல ஒரு கூட்டம் ரொம்ப நாளா இந்த வண்டி மேல கண்ணு வெச்சிருக்கு. அவனுக கையில இவன் வித்திருக்கான். சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அச்சு வரலன்னா ஸ்டேஷன்ல இவன் பேரைச் சொல்லிக் கம்ப்ளெயிண்ட் குடுத்துருவேன்."

இன்பமணியும் நானும் பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சு. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குக் கத்தாருக்குப் பிளைட். அங்கே பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை, மூன்று வருடம் முட்டி மோதிக் கிடைத்தது. பாக்கி இருப்பது போலீஸ் தருகிற நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான். அவன் பேரில் ஒரு புகார் எழுதப்பட்டால் சான்றிதழ் இல்லை, விசாவும் இல்லை. அவன் மனைவி ஏற்கனவே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சிவசங்கரனுக்கு அதெல்லாம் மனதில் ஏறுகிற நிலையில் இல்லை. அவர் குனிந்து, பின்சக்கரம் உருளாமல் இருக்கக் கொடுத்திருந்த மரக்கட்டையை உருவி மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தக் கட்டை எங்களுது இல்ல. திருடன் கொண்டு வந்தது. மோந்து பாருங்க."

சண்முகசுந்தரி முகர்ந்தார். நானும் முகர்ந்தேன்.

"விளக்கெண்ணெய்," என்றேன்.

"அதேதான். அந்தக் காலத்துப் பந்தய என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊத்துவாக. பந்தயத்துல ஊறினவன் கைதான் இப்படி மணக்கும். சாதாரண ஆளுக்கு இந்த வாசனை எங்க தெரியும்."

"எங்க வீட்ல வயித்துக்குக் குடுப்பாக சார். எல்லாருக்கும் தெரியும்."

சண்முகசுந்தரி கட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் சரிந்து மெலிந்து போகிற கட்டை. பிடித்துக்கொள்ள நீளமாக ஒரு கைப்பிடி. அதன் சரிவில் விரலால் தடவியவர், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். சரிவில் டயர் ஏறிய தடம் பட்டை பட்டையாகப் பதிந்திருந்தது.

அப்போது ஒரு அம்மாள் பிளாஸ்கோடு உள்ளே வந்தார். சிவசங்கரனின் மனைவி விஜயஸ்ரீ. கிரீஸ் மணக்கும் ஷெட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காப்பி கொண்டுவருகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. பணக்கார வீடு, நமக்கென்ன என்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

"கண்டுபிடிச்சிருவீகளா?" என்று விஜயஸ்ரீ கேட்டார்.

"இன்னைக்கே கண்டுபிடிக்கப் பாக்கோம்," என்றார் சண்முகசுந்தரி.

"எதுக்கு அவசரம். பைய பாருங்க. நாளைக்குக்கூடக் கிடைக்கட்டும்." டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இன்பமணி வாசலுக்கு வெளியே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"முன்னச்சை யாரு கழட்டுனா தம்பி?" என்றார் சண்முகசுந்தரி.

"நான் திருடல மேடம்."

"உங்க சாவி யாருகிட்டயாவது குடுத்தீகளா?"

"நான் திருடல மேடம்."

"காலைல சாப்பிட்டீகளா?"

"இட்லி மேடம்."

அவ்வளவுதான் விசாரணை. ஆம்னி வேனில் ஏறி உட்கார்ந்ததும் சண்முகசுந்தரி சீட் பெல்ட்டை மாட்டினார்.

"மூணு கேள்வி கேட்டேன். ஒண்ணுக்குத்தான் பதில் சொன்னாரு."

"இட்லிக்கு."

"கழட்டுனது யாருன்னு கேட்டா திருடலங்காரு. கழட்டலன்னு சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. "எக்கா, அவன் சர்ச்சுல காணிக்கைப் பை தூக்குற ஆளு. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியுது. அதனாலதான் பொய் சொல்ல வரல. வண்டிய எடுலே. அந்த அடிச்சட்டமும் அச்சும் சங்கத்துக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியணும். காயல்பட்டினம் ரசீத் காயலான் கடையில வாங்கினதாத் தலைவர் சொன்னாரு."

காயல்பட்டினம் என்று சொன்னால் எவனும் திருச்செந்தூர் ரோட்டைத்தான் பிடிப்பான். நானும் பிடித்தேன். செய்துங்கநல்லூர் தாண்டியபிறகு சண்முகசுந்தரி ரசீதுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆளுக்குத்தான் ஊர் காயல்பட்டினம், பழைய இரும்புக் கடை இருப்பது அம்பாசமுத்திரத்தில். நேர் எதிர்த் திசை.

"காயல்பட்டினத்துக்காரன் காயலான் கடை வெச்சா எல்லாரும் கடலுக்குத்தான் போறாங்க," என்றார் ரசீத். "தபால்காரரும் ஒரு தடவை போயிட்டாரு."

வண்டியைத் திருப்பினேன். சேரன்மகாதேவி வரும்வரை சண்முகசுந்தரி அந்தக் கட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்பமணியின் பெட்டி என் கண்ணிலேயே நின்றது. என் முட்டாள்தனத்தை நானே ஏசிக்கொண்டேன், வாய்க்குள்ளேதான்.

"அது மரக்கட்டை இல்லலே," என்றார் திடீரென்று. "முட்டுக்கட்டை."

"வழக்குக்கா?"

"தேருக்கு. நான் டவுன் ரதவீதியில பிறந்து வளந்தவ. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. தெரு முக்கு வந்தா சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டையைக் குடுப்பாக. மரச்சக்கரம் அந்தச் சரிவுல வழுக்கி ஒருபக்கமாத் திரும்பும். வழுக்கணும்னுதான் எண்ணெய் தடவுறது."

"அப்ப பந்தய வாசனை?"

"தேர் வாசனை. ஆனா தேர்ச்சக்கரம் ஏறின கட்டையில டயர் தடம் எப்படி வரும்? யோசி."

யோசித்தேன். அம்பாசமுத்திரம் வந்துவிட்டது.

ரசீத் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துரு மலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு கறை இல்லை.

"வாங்க லாத்தா," என்று அக்கா முறை சொல்லிச் சண்முகசுந்தரிக்கு ஸ்டூல் போட்டார். எனக்கு ஒரு கியர் பெட்டியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"சங்கத்துக்கு வித்த அடிச்சட்டம் உங்களுக்கு யாரு குடுத்தா?" என்றார் சண்முகசுந்தரி.

"அதுவா. தலைவரு வந்து அந்தச் சட்டத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. அழுவுற ஆளுகிட்ட வெலையை எறக்க முடியுமா? ஏத்திட்டேன்." அவர் வெட்கப்படவில்லை. "விக்கிரமசிங்கபுரத்துக்குப் பக்கத்துல பனையடிக்குறிச்சி. முப்பிடாதி அம்மன் கோயில்ல இருந்து வந்த சரக்கு. அம்மனோட சப்பரம் அது மேலதான் நின்னுச்சு."

நானும் சண்முகசுந்தரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வெள்ளைக்காரர் விட்டுட்டுப் போன வண்டியை மில் ஆளுக இழுத்துட்டு வந்து, மேல மரக்கோபுரத்தைக் கட்டிட்டாங்க. வருசா வருசம் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் அதுல ஏறித்தான் ஊரைச் சுத்துவா. துணிக்கு உள்ள ஒருத்தர் குந்திக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புவாரு. வெளிய தெரியாது. எங்க அம்மன் தானாத் திரும்புவான்னு ஊர்ல ஒரே பெருமை. அப்புறம் யாரோ உபயம் குடுத்து வெல்டிங் பட்டறையில புதுச் சட்டம் செஞ்சாங்க. பழசு என்கிட்ட வந்துச்சு."

"புதுச் சட்டம் நல்லா இருக்கா?"

"பளபளன்னு இருக்கு. திரும்ப மாட்டேங்குது." ரசீத் இருமினார், சிரிப்பை மறைக்க. "பட்டறைக்காரன் நாலு ரப்பர் சக்கரத்தை அசையாம மாட்டிட்டான். தேருக்கு எதுக்கு ஸ்டியரிங்னு அவன் நெனப்பு. ஊர்க்காரங்க முட்டுக்கட்டை செஞ்சு, எண்ணெய் தடவி, சக்கரத்துக்கு அடியில குடுத்துப் பாத்தாங்க. ரப்பர் டயர் எங்க வழுக்கும்? கட்டை மேல ஏறி எறங்கிட்டு நேராப் போவுது. போன கொடையில அம்மன் ரேஷன் கடை முக்குல ரெண்டு நாளு நின்னா. சீனி வாங்க வந்தவனெல்லாம் சாமி கும்பிட்டுட்டுத் திரும்பிப் போனான்."

"இந்த வருசக் கொடை எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. இன்னைக்குத்தான்."

சண்முகசுந்தரி எழுந்து வெளியே போய்ச் சிவசங்கரனுக்குப் போன் பண்ணினார். "அச்சு இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சு சார். பனையடிக்குறிச்சிக்கு வாங்க." அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். அவர் போனை வைத்தபோது முகம் இறுகியிருந்தது.

"என்னக்கா?"

"பொறுமை இல்லாம அப்பமே ஸ்டேஷனுக்குப் போயிட்டாராம். ஏட்டையும் இன்பமணியையும் கூட்டிட்டு வாராரு. அச்சைக் கண்ணால பாத்ததும் கையெழுத்தாம்."

பனையடிக்குறிச்சிக்கு நாங்கள் போனபோது சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. மேளம், வேட்டு, ஒலிபெருக்கி மூன்றும் ஒன்றையொன்று தோற்கடிக்கப் பார்த்தன. தெரு நிறைய ஆட்கள் வடம் பிடித்துச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ரேஷன் கடை முக்கு வந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். போன வருட நினைப்பு.

சப்பரம் மெதுவாக வந்தது. முக்கில் தயங்கியது. பிறகு முன்பக்கம் வளைந்து, பின்பக்கம் அதைத் தொடர்ந்து, ரேஷன் கடைச் சுவரில் உரசாமல் அழகாகத் திரும்பி அடுத்த தெருவுக்குள் நுழைந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கே புல்லரித்தது, நான் யார் என்பதை மறந்து கும்பிடப் போய்க் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

தேங்காய் உடைக்கச் சப்பரத்தை நிறுத்தினார்கள். சண்முகசுந்தரி நேராகப் போய்த் தொங்கிய பட்டுத்துணியை விலக்கிக் குனிந்தார். நானும் குனிந்தேன்.

உள்ளே, புதுச் சட்டத்தில் வளைகம்பி போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தது பரணியின் முன்னச்சு. ஸ்டியரிங் தண்டின் தலையில், வட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு குறுக்குக் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, வேர்வையில் குளித்த ஒரு பெரியவர். குந்தியிருக்கவே இடமில்லாத அந்த இடத்தில் வட்டை எங்கே மாட்டுவது.

"யாரு நீங்க? மூடுங்க, ஜனங்க பாக்கும்," என்றார் அவர். கோயில் தர்மகர்த்தா நடராஜ்.

"அண்ணாச்சி, வேற ஏதாவது ஜீப் அச்சு மாட்டியிருக்கலாமே," என்றார் சண்முகசுந்தரி, டீக்கடையில் விசாரிப்பதுபோல.

"மாட்டிப் பாத்தோம்மா. ஜீப்பு அச்சு உசரம். கோபுரம் கரண்டு கம்பியில இடிக்குது. இது பந்தய வண்டி, தரையோட ஒட்டி ஓடுறது. இது மேல நின்னாத்தான் அம்மன் கம்பிக்குக் கீழ போவா."

"திருடன் கிடைச்சாச்சு," என்று நான் சண்முகசுந்தரியின் காதில் சொன்னேன். இன்பமணி தப்பித்தான் என்ற சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

"இன்னும் இல்ல." அவர் நிமிர்ந்து, ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "விஜயஸ்ரீயம்மா, இங்கன வாங்க."

காலையில் காப்பி கொடுத்த அதே பட்டுச்சேலை கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தது.

"கட்டையை வெச்சதுதான் தப்பாப் போச்சா?" என்றார் விஜயஸ்ரீ. ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"கட்டை ஊரைக் காட்டிச்சு. உங்களைக் காட்டினது பட்டுச்சேலையும் பேச்சும். வீட்டுக்காரர் தவிச்சுக்கிட்டு நிக்காரு, நீங்க பைய பாருங்கங்கிறீக. நாளைக்குக் கிடைக்கட்டுமாம். இன்னைக்கு ஒரு நாள் உங்களுக்குத் தேவைப்பட்டுச்சு."

"எங்க அண்ணன்தான் உள்ள உக்காந்திருக்கது. பழைய சட்டத்தை எடைக்குப் போட்டது அவன்தான். போன வருசம் அம்மன் நின்ன ரெண்டு நாளும் எங்கண்ணன் சாப்பிடல. ஊரே காறித் துப்பாத குறை." விஜயஸ்ரீ ஆரத்தித் தட்டைக் கை மாற்றிக்கொண்டார். "இவுககிட்ட ஒரு நாளைக்கு அச்சை இரவல் கேட்டேன். அது பொக்கிஷம், சாமி தூக்குறதுக்கு இல்லன்னுட்டாக. பெறந்த வீட்டுச் சாமான். அங்கன இருந்து வந்தது, ஒரு நாளைக்கு அங்கன போகக்கூடாதா? ஞாயித்துக்கிழமை இவுக அசந்து தூங்கும்போது சாவியை எடுத்துட்டுப் போனேன். அண்ணன் லோடு ஆட்டோ கொண்டாந்தான்."

"கழட்டினது இன்பமணி."

"அவன் வேண்டாம் வேண்டாம்னான். நான்தான் புதன்கிழமை மாட்டிரலாம்னு சொல்லி, என் பேரை இவுககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தப் போய் அவன் விசா போகுது. உங்க வீட்டுக்காரரு ஏட்டோட வந்துட்டிருக்காரு. கம்ப்ளெயிண்ட்ல இன்பமணி பேரு."

விஜயஸ்ரீ தட்டைப் பக்கத்துப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். "போலீஸா? காலைல காப்பி குடுத்தப்பக்கூட அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பாவி நான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே அழுதார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, கொடையில் அழுகிறவர்கள் உண்டு.

கார் வந்தது, பின்னால் போலீஸ் ஜீப். சிவசங்கரன் இறங்கி வேகமாக நடந்து வந்தார். அவர் பின்னால் இன்பமணி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஏட்டு ஜீப்பை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கொடையன்று அது அவ்வளவு சுலபமில்லை.

"எங்க என் அச்சு?"

விஜயஸ்ரீ அவர் முன்னால் போய் நின்றார். "நான்தான் எடுத்தேன். இன்பமணி நான் சொன்னதைச் செஞ்சான். பேரு எழுதணும்னா என் பேரை எழுதுங்க."

சிவசங்கரன் அவரைப் பார்த்தார். சப்பரத்தைப் பார்த்தார். கீழே, பட்டுத்துணிக்கு அடியில், தன் சக்கரத்தைப் பார்த்தார்.

"அது பந்தய வண்டி விஜயா. பதினஞ்சு வருசம் அலைஞ்சு சேத்தேன். பாரம் ஏத்துற மாட்டுவண்டியா அது?"

"பாரம் இல்ல. அம்மன்."

"எனக்குத் தெரியாம என் வீட்டுலயே—"

"மாப்பிள்ளே," என்று துணிக்கு உள்ளேயிருந்து நடராஜின் குரல் வந்தது. "வந்துட்டீகளா? ஸ்டியரிங்கு இடது பக்கமா இழுக்கு."

சிவசங்கரன் பாதியில் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

"எவ்வளவு இழுக்கு அத்தான்?"

"நேராப் போகும்போது தெரியல. திரும்பி வந்தப்புறம் கம்பி தானா நேராகமாட்டேங்குது."

"ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?"

"வந்து பிடிச்சுப் பாருங்களேன். நான் சொன்னா உமக்கு விளங்கவா போகுது."

சட்டையைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் நான்கு காலில் சப்பரத்துக்கு அடியில் போனார். நடராஜ் மறுபக்கம் வெளியேறி, எழுந்து நிற்க முடியாமல் ரேஷன் கடைப் படியில் சரிந்தார். கூட்டம் வடத்தை இழுத்தது. சப்பரம் நகர்ந்தது. நானும் துணிப் பக்கமாகவே நடந்தேன். உள்ளே சிவசங்கரன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மெட்ராஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டியது இன்றைக்கே அவர் கைக்கு வந்துவிட்டது.

"இன்பமணி," என்று கூப்பிட்டார். "இது ஓடுதுலே."

"ஓடுது சார்." இன்பமணி குனிந்து கூடவே நடந்தான். "இடது கைப்பக்கம் தண்டு ஒரு மரை கூடுதலா முறுக்கியிருக்கு. ஸ்பேனர் இருக்கா சார், நிறுத்தினதும் சரி பண்ணிரலாம்."

சக்கரம் உருண்டது.

"உன் மேல சந்தேகப்பட்டது என் தப்புடே. மன்னிச்சிரு."

இன்பமணி தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் கிடந்த கல்லைக் காலால் ஒதுக்கினான்.

ஏட்டு அப்போதுதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜீப்பை எங்கே நிறுத்தினாரோ, தலையெல்லாம் மாவிலை. "சாரு எங்கன போயிட்டாக? திருட்டுக்கு மனு எழுதி வெச்சிருக்கேன். இன்பமணி பேரைப் போட்டுக் கையெழுத்து வாங்கணும்." சுற்றும் முற்றும் பார்த்தார். "யாருங்க எடுத்தது? யாராவது சொல்லுங்க."

விஜயஸ்ரீ ஒரு அடி முன்னால் வந்தார். சண்முகசுந்தரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"திருட்டுப் போகல," என்றது ஒரு குரல், கனமாக, அம்மனின் பீடத்துக்கு அடியிலிருந்து. "நான் குடுத்தது. நானே குடுத்தது."

மேளம்கூட ஒரு நொடி நின்றது. ஏட்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார். எழுதி வைத்திருந்த மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார். பிறகு இன்பமணியின் பக்கமாகச் சாய்ந்து, சாமி காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்.

"கத்தாருக்குப் போற பையன் நீதானே? உன் பேப்பர் என் மேஜைலதான் கிடக்கு. காலைல வந்து வாங்கிட்டுப் போ."

இன்பமணி சரி என்று தலையை ஆட்டினான், ஏட்டு போனபிறகும் ஆட்டிக்கொண்டே நின்றான்.